தூரத்து ஆளுக்கு முதல் பேச்சு

நீ கேட்டாய். கேட்கவில்லை என்று சாதிக்காதே, அதெல்லாம் எங்களிடம் செல்லாது. கேட்டுவிட்டு, காதுக்குள் வாங்கிப் போட்டுக்கொண்டு, கையெட்டும் தூரத்தில் இருந்த பொத்தானை அமுக்காமல், வாயில் எதையோ மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தாய். நீ ஆணா பெண்ணா, பனி பெய்கிற ஊரா மணல் பறக்கிற ஊரா, ஒன்றும் தெரியாது. ஆனால் உலகத்தில் எங்கோ ஓர் அறையில், ஒரு ரேடியோ செட்டின் முன்னால் நீ இருந்தாய் என்பதும், சிலுவைத்துறை ஐஸ் கம்பெனியில் மோட்டார் பார்த்த தஸ்நேவிஸின் குரல் உன்னிடம் வந்து சேர்ந்தது என்பதும், அதை நீ திருப்பிக் கொடுக்கவில்லை என்பதும் இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு விலை சொல்லாமல் நடையைக் கட்டுகிறவனையே இந்தக் கரையில் சும்மா விடுவதில்லை. நீ கூடையோடு போனவன்.

சிலுவைத்துறை ஏலக்களத்தில் மீன் எடுக்கிற பெண்களில் தஸ்நேவிஸின் மனைவி பிலோமியின் தொண்டைதான் பெரிய தொண்டை. அவள் விலை கேட்க வாய் திறந்தால் கரையில் படுத்திருக்கிற நாய் எழுந்து வேறு இடம் பார்க்கும். தகப்பன் முகம் தெரியாமல், பள்ளிக்கூடத்தை வெளிச்சுவரில் சாய்ந்து நின்று மட்டும் பார்த்து, மற்றவர்கள் கழித்துப் போட்ட மீனைப் பொறுக்கி அரிந்து உப்பிட்டு விற்று, ஏமாந்த இடத்தில் எல்லாம் ஒரு பாடம் படித்து, யாரிடமும் கை நீட்டாமல் எழும்பி வந்தவள் அவள். அவள் படித்த பாடங்களை எல்லாம் சுண்டக் காய்ச்சினால் அடியில் ஒன்றுதான் நிற்கும்: வாயால் சொன்னதுதான் சொல். களத்தில் எழுத்துக்கு மதிப்பில்லை. தலையாட்டியவன் பிறகு ஈ விரட்டினேன் என்பான், கை காட்டியவன் கக்கத்தைச் சொறிந்தேன் என்பான், ஆனால் நாலு பேர் காதுபட 'எடுத்தாச்சு' என்று ஒருவன் சொல்லிவிட்டால் கடலே வற்றிப் போனாலும் அந்த மீன் அவனுடையதுதான்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவர் வாயைத் திறக்காதவர். பகல் முழுக்க மோட்டார் இரைச்சலில் நின்றுவிட்டு வந்து, சோற்றைத் தின்றுவிட்டு, பின்னறைக்குப் போய்க் கதவை ஒருக்களித்துவிடுவார். அங்கேதான் செட்டு இருந்தது. அரசாங்கப் பரீட்சை எழுதி, எழுத்தும் எண்ணுமாக ஓர் அழைப்புப் பெயர் வாங்கி, மொட்டை மாடியில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே ஏரியல் கம்பி இழுத்துக் கட்டி, முன்பின் தெரியாத தேசத்து ஆட்களோடு மைக்கில் பேசுகிற பொழுதுபோக்கு அது. ஹாம் ரேடியோ என்று அதற்குப் பேர். ஒரு சாமானும் கைமாறாத, பேசி முடித்தால் இரண்டு பக்கமும் வெறுங்கையோடு எழுந்து போகிற இந்த வியாபாரத்தில் ஒரு மனுஷன் எதற்காகத் தலைகுப்புற விழுகிறான் என்பது கல்யாணமான நாள் முதல் பிலோமிக்கு விளங்கவில்லை. எங்க ஊரில் தூறல் விழுகிறது என்று பிரேசில்காரனுக்குச் சொல்லுவார். மாடியில் கருவாடு காய்கிறது, எடு என்று அவளுக்குச் சொல்ல மாட்டார்.

அந்தக் கூட்டத்தாருக்கென்று ஒரு மரியாதை உண்டு. பல பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால், மெலிந்த குரலுக்கு, தூரத்து ஆளுக்குத்தான் முதல் பேச்சு கொடுக்க வேண்டும். பலமாகக் கேட்கிற பக்கத்து ஆள் பொறுத்திருக்க வேண்டும், ஏனென்றால் பக்கத்து ஆள் எங்கேயும் போய்விடப் போவதில்லை, தூரத்துக் குரலை இந்த நிமிஷம் விட்டால் அது காற்றோடு கரைந்துவிடும். நல்ல சட்டம்தான், குறை சொல்ல முடியாது. தஸ்நேவிஸ் அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்து நடத்தினார், அதுதான் கோளாறு.

மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் பிலோமியின் குரலைத் தவிர வேறு குரல் இல்லை என்றாகிவிட்டது. சுவரோடு பேசிப் பேசி அலுத்த ஒரு சாயங்காலம் அவள் தன் சேலைகளை ரெக்சின் பையில் அடுக்கிக்கொண்டு பின்னறை வாசலில் போய் நின்றாள்.

"இந்தாரும், நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வர மாட்டேன். போகாதேன்னு உம்ம வாயால ஒரு வார்த்தை சொல்லும், இருக்கேன். போன்னு சொல்லும், போறேன். ரெண்டுல ஒண்ணு. இதுல பேரம் கிடையாது."

தஸ்நேவிஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். பையைப் பார்த்தார். சத்தியமாக அவர் வாய் திறந்தது, அவள் கண்ணால் கண்டாள். அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கரில், சிரட்டைக்குள் மாட்டிய எறும்பு ஊர்வதைப் போல ஒரு சன்னச் சத்தம் கேட்டது.

"ஒரு நிமிசம், பிலோமி. தூரத்து ஆளு. முடிச்சிட்டுச் சொல்லுதேன்."

மைக்கை எடுத்தார், பொத்தானை அமுக்கினார். 'சீக்யூ, சீக்யூ' என்றார், யாராக இருந்தாலும் வா என்று அதற்குப் பொருள். தன் அழைப்புப் பெயரைச் சொன்னார். எந்த தேசத்திலும் ஒரு தமிழ் ஆள் இருக்கும் என்ற நம்பிக்கையில் கடைசியாக எப்போதும் சேர்க்கிறதையும் சேர்த்தார்: "யாராவது கேக்கியளா? ஓவர்." ஓவர் என்றால் என் பேச்சு முடிந்தது, இனி உன் முறை என்று அர்த்தம். விரலை எடுத்துவிட்டு, பிலோமிக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லத் திரும்பினார். உதடு அசைந்தது, நாக்கு புரண்டது, சத்தம் வரவில்லை. கதவு திறந்திருந்தால் கோழி வெளியே போவதைப் போல, அவர் குரல் சொன்ன பேச்சோடு சேர்ந்து போய்விட்டிருந்தது.

"நடிக்காதீரும்" என்றாள் பிலோமி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை புதுத் தொண்டை மாதிரி இருக்கிறது, குரல்தான் இல்லை என்றார். அந்த வாரமே அந்தக் குரல் ஊருக்கு மேலே வந்தது. கிழக்கே கடலிலிருந்து ஏறி, ஏலக்களத்தில் தராசுத் தட்டுகளைத் தொட்டு, ஐஸ் கம்பெனியின் தகரக் கூரையில் ஒரு அதிர் அதிர்ந்து, இட்லிக் கொப்பரை மூடியிலும் குடைக் கம்பியிலும் சைக்கிள் சக்கரத்திலும் பல் கட்டிய கிழவர்களின் வாயிலும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு, 'யாராவது கேக்கியளா? ஓவர்' என்று கேட்டுவிட்டு, மேற்கே தேரிக்காட்டுச் செம்மண் பக்கம் போய் மறைந்தது. சனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். "நம்ம தஸ்நேவிஸ்லா போறாரு" என்றார் தராசு பிடித்திருந்தவர், தட்டைத் துடைத்துவிட்டு அடுத்த கூடையை வைத்தார்.

அது உலகத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறது என்று ஊர் புரிந்துகொள்ள அதிக காலம் ஆகவில்லை. சில நாள் காலையில் வரும், சில நாள் உச்சி வெயிலில் வரும், சில வாரம் வரவே வராது, பிறகு புதுக் காற்றின் வாசனையோடு வரும். குரல் தெளிவாக வந்தால் வாடைக் காற்று என்றும், கரகரத்து வந்தால் மேற்கே இருந்து கச்சான் காற்று எழும்பப் போகிறது என்றும் வலைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள், அது பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. பங்குச் சாமியார் முதலில் தீர்த்தம் தெளிக்கலாமா என்று யோசித்தார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு நடுவே அது வந்து கேட்டபோது, ஆண்டவரும் இப்படித்தான் கேட்டுக்கொண்டு போகிறார் என்று அவர் ஒரு போடு போட, பெண்கள் எல்லாரும் அழுதார்கள். அதிலிருந்து அவரும் அதற்காகக் காத்திருந்து பிரசங்கம் வைக்கப் பழகினார். ஒரு வேட்பாளர் தன்னை ஜெயிக்க வைத்தால் குரலைக் கீழே இறக்கித் தருவதாகச் சொன்னார், எதிர்த்து நின்றவர் மேலேயே பத்திரமாக வைத்துக்கொள்ளுவதாகச் சொல்லி ஜெயித்தார். லைசென்ஸ் சம்பந்தமாக ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து, செட்டு இல்லாமல் பேசுகிற குரலுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று விசாரித்து, நண்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, ஆராய வேண்டிய விஷயம் என்று சொல்லி ஏறிப் போனார், அவ்வளவுதான்.

பதில் சொல்லுகிற வழக்கத்தைத் தொடங்கியது பஸ் ஸ்டாண்டு இட்லிக்கடை மரியநேசம். "பாவம், ஒத்தையில கேட்டுக்கிட்டே போறாரே, சொல்லித் தொலைச்சா என்ன" என்று கரண்டியைத் தூக்கி ஆட்டி, "கேக்கு அண்ணாச்சி, கேக்கு!" என்று கத்தினாள். கடையில் இட்லி தின்றுகொண்டிருந்தவர்களும் எச்சில் கையோடு கத்தினார்கள். பிறகு பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் கத்தின, கடலில் வலை இழுத்தவர்கள் கத்தினார்கள், பஸ் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி ஹார்ன் அடித்தார். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் குரல் போகும்போது வாய் மூடி இருந்துவிட்டார்கள் என்பதற்காக ஒரு சம்பந்தம் முறிந்தது, கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லாத குடும்பத்தில் பெண்ணைக் கொடுத்து அது எப்படிக் குடித்தனம் பண்ணும் என்று பெண்ணைப் பெற்றவர் கேட்டது நியாயம்தானே. ஆனால் குரலுக்குக் காது கிடையாது. ஊரே தொண்டை கிழியக் கத்தினாலும் அது அதே கேள்வியோடு போனது, அதே கேள்வியோடு வந்தது.

குரலைக் கொண்டாடக் கொண்டாட ஊர் ஆளை மறந்தது. டீக்கடையில் தஸ்நேவிஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே, "தஸ்நேவிஸை ரெண்டு நாளாக் காணமே, சொகமா இருக்காரா?" என்று வானத்தைக் காட்டி விசாரிப்பார்கள், டீக்காரர் எல்லாருக்கும் கிளாஸ் நீட்டிவிட்டு அவரைத் தாண்டிப் போவார். கையை எடு என்று கத்த முடியாத ஆள் மோட்டார் பக்கத்தில் நிற்பது ஆபத்து என்று ஐஸ் கம்பெனியில் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். அவருக்கு மாலை போட்டுத்தான் அனுப்பினார்கள். ஆனால் மாலை போட்டவர் கண் கூரைத் தகரத்தில்தான் இருந்தது.

வீட்டுக்குள் கதை வேறு. பிலோமிக்கு அவள் கேட்ட அந்த ஒரு வார்த்தை வர வேண்டியிருந்தது. ஒரு பலகையில் சாக்குக்கட்டியால் எழுதிக்கொண்டு அவர் அவள் முன்னால் வந்தார். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"எனக்கு எழுத்து வேண்டாம். சாக்குக்கட்டியில எழுதுனதை எச்சில் தொட்டு அழிச்சிட்டு வேற எழுதலாம். வாயால சொல்லும்."

அவர் தலையை ஆட்டினார். எந்தப் பக்கமாக ஆட்டினார் என்பதைக்கூட அவள் பார்க்கவில்லை.

"தலையாட்டாதீரும். தலையாட்டி எத்தனை பேரு என் கூடையைக் கவுத்திருக்கான்னு உமக்குத் தெரியுமா?"

பல் குத்துகிற குச்சியால் தந்தி அடிப்பதைப் போல அவள் உள்ளங்கையில் தட்டிச் சொல்லப் பார்த்தார். "கொசு கடிக்கிற மாதிரி இருக்கு, விடும்" என்று கையை இழுத்துக்கொண்டாள். அவள் செய்தது அநியாயம் என்று இன்றைக்கு ஊரில் சில பேர் பேசுகிறார்கள். பேசட்டும். ஆயுசு முழுக்க அளந்து ஊற்றியதையே வாங்கிக் குடித்தவள், முழுக் குடமாகக் கேட்டால் தப்பா? ஆக அவள் போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. ரெக்சின் பை வாசற்கதவோரமே நின்றது. காலையில் அதிலிருந்து சேலை எடுத்துக் கட்டுவாள், துவைத்துக் காய்ந்ததை மடித்து அதிலேயே வைப்பாள், அலமாரிப் பக்கம் போகவே மாட்டாள். தன் வீட்டில் பைக்குள் குடியிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மதுரையிலிருந்து ஹாம் ரேடியோக் கூட்டத்தார் வேன் பிடித்து வந்தார்கள். குரல் போகும்போது மீட்டரைப் பிடித்துப் பார்த்துவிட்டு, 'ஃபைவ் நைன், முழுத் தெளிவு, பிரமாதம்' என்று ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டார்கள், தஸ்நேவிஸின் கையில் மைக்கைக் கொடுத்துப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதில் தலைவர்போல் இருந்த கண்ணாடிக்காரரைப் பிலோமி மடக்கினாள்.

"படம் எடுத்தது போதும். குரல் எங்க இருக்கு, யாரு வச்சிருக்கா, அதைச் சொல்லுங்க."

"அம்மா, சார் ஓவர் சொல்லிட்டார். சொன்ன பிறகு பேச்சு அவர் கையில இல்ல. எங்கயோ ஒருத்தர் அதைக் கேட்டிருக்கார். கேட்டவர் பதில் சொன்னாத்தான் கூப்பிட்டது முடியும், பேச்சு திரும்பும். அவர் வாங்கிட்டுச் சும்மா இருக்கார்."

"சும்மா இருக்கானா? எதுக்கு?"

"கேட்கிறதுக்குன்னே சில பேர் இருக்காங்கம்மா. எல்லாரையும் கேப்பாங்க, யாருக்கும் பேச மாட்டாங்க."

"தூ! இதுவும் ஒரு பிழைப்பா?"

"அதுவும் ஒரு ஹாபிதாம்மா" என்றார் கண்ணாடிக்காரர், கொஞ்சம் வெட்கப்பட்டு.

அன்றைக்கு அவள் முடிவு பண்ணினாள். கூடையைத் தூக்கிப் போனவனைத் தேடிப் போக வேண்டுமென்றால் அவன் திரிகிற சந்தைக்குள் நுழைய வேண்டும். மீன் அரிந்த கையோடு பரீட்சைப் பாடத்தை மரியநேசத்தின் மகளை விட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல்லி மனப்பாடம் பண்ணினாள், பேர் எழுதப் பழகினாள், தோற்றாள், பரீட்சை வைத்தவரோடு சண்டை போட்டாள், திரும்பத் தோற்றாள், பிறகு ஜெயித்தாள். எழுத்தும் எண்ணுமாக அவளுக்கும் ஓர் அழைப்புப் பெயர் வந்தது. தஸ்நேவிஸ் தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, குமிழ்களை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று விரலால் காட்டிக் கொடுத்தார். அதோடு அந்த அறையில் அவர் வேலை முடிந்தது.

முதல் ஆளாக அவளுக்குக் கிடைத்தது, வருஷத்தில் பாதி இருட்டாக இருக்கிற ஏதோ ஒரு தேசத்து முதியவர். அவர் அவள் பேரைக் கேட்டார். ஊரைக் கேட்டார். நான் பேசுவது உனக்குக் கேட்கிறதா என்று கேட்டார். பாடத்தோடு மனப்பாடம் பண்ணிய நாலு இங்கிலீஷ் வார்த்தையில் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். நன்றி, இங்கே பனி பெய்கிறது என்று சொல்லிவிட்டு அவர் போனார். அவ்வளவுதான். பிலோமி மைக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், அடுப்பில் சோறு தீய்ந்த வாடை வந்தும் எழுந்திருக்கவில்லை. விலையைக் குறைக்க நினைக்காத ஒருத்தர் அவள் பேரைக் கேட்டு எத்தனை காலம் ஆகிறது? களத்தில் அவளைக் கூப்பிடுகிற ஒவ்வொரு குரலுக்கும் பின்னால் ஒரு கை இருந்தது, எடுக்கவோ பிடுங்கவோ. இந்த ரேடியோச் சனத்துக்குக் கையே இல்லை. பேர் என்ன, ஊர் என்ன, என்னைக் கேட்கிறதா என்பதற்கு மேல் ஒரு கேள்வி கேட்காது. கேட்கிறது என்று சொன்னால் போதும், உலகத்தில் நாம் இருக்கிறோம் என்று ஒரு முத்திரை குத்திவிட்டு அது பாட்டுக்குப் போய்விடும். ஓகோ, இதற்குத்தானா, என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் தணியும் என்று யார் சொன்னது? இரட்டிப்பானது. இத்தனை ருசியான ஒன்றைப் பின்னறையில் வைத்து இந்த மனுஷன் தனியாகத் தின்றிருக்கிறார்.

அதிலிருந்து களத்தில் கூடை இறங்குகிறதோ இல்லையோ, சாயங்காலம் அவள் செட்டின் முன்னால் இருப்பாள். கிடைக்கிற ஆளிடம் எல்லாம் பேர், ஊர் முடிந்ததும் விசாரிப்பாள்: எங்க ஊர் ஆம்பிளைக் குரல் ஒன்று அந்தப் பக்கம் வந்ததா? வந்தது என்றான் தென்கோடிக் கடலில் நண்டு பிடிக்கிற ஒருவன், எங்கள் நங்கூரச் சங்கிலியில் கேட்டது. வந்தது என்றாள் மலைமேல் ஆடு மேய்க்கிற ஒருத்தி, ஆட்டுக் கழுத்து மணியில் கேட்டது. நாங்கள் பதில் சொன்னோம் என்றார்கள் எல்லாரும். யார் சொன்னாலும் அது நிற்கவில்லை, ஏனென்றால் பேச்சு அவர்கள் கையில் இல்லை, உன் கையில் இருந்தது. தேடத் தேட அவளுக்கு அந்தத் தேடலே பழகிவிட்டது. எதற்காகத் தேட வந்தோம் என்பது சில நாள் நினைவிருக்கும், சில நாள் மறந்துபோகும். முடி நரைத்தது. தஸ்நேவிஸ் டீ போட்டுக் கொண்டுவந்து அவள் முழங்கைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார், ஆறிய கிளாஸை வந்து எடுத்துப் போவார். பக்கத்து ஆள். எங்கேயும் போய்விடப் போவதில்லை.

ஐப்பசி மழைக்கு முந்தின ஒரு சாயங்காலம், வெளிச்சம் இன்னும் இருந்தது, மாடிக் கம்பியில் காக்கை உட்கார்ந்திருந்தது, செட்டின் இரைச்சல் திடீரென்று அடங்கி ஸ்பீக்கரில் ஒரு வெறுமை வந்தது. அது வெறும் வெறுமை அல்ல என்று இத்தனை வருஷம் கேட்ட காதுக்குத் தெரிந்தது. எங்கோ யாரோ பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள். அமுக்கிவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். அடியில், மிக மெலிதாக, ஒரு மூச்சு. நீதான் அது. இல்லை என்று சொல்லிப் பார்.

பிலோமி ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு குனிந்தாள். அப்போது முதுகுக்குப் பின்னால் தஸ்நேவிஸ் வந்து நின்றார். அவள் தோளில் கை வைத்தார். டீ கொண்டுவந்த கை அல்ல, வெறுங்கை. துருத்தி ஊதுவதைப் போல அவருக்கு மூச்சு வாங்கியது, தொண்டையில் ஏதோ ஒன்று, குரலும் இல்லை, காற்றும் இல்லை, முட்டிக்கொண்டு வெளியே வரப் பார்த்தது. தோளை இன்னொரு தரம் அழுத்தினார்.

"பொறும்" என்றாள் பிலோமி, திரும்பாமலே. "தூரத்து ஆளு."

அவர் பொறுத்தார். அந்தக் கூட்டத்து மரியாதை தெரிந்தவர் அல்லவா, கையை எடுத்துக்கொண்டு வாசற்பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருந்தார். ஸ்பீக்கரில் மூச்சு இருந்தது, இருந்தது, பிறகு நீ விரலை எடுத்துவிட்டாய், இரைச்சல் வந்து மூடிக்கொண்டது. பிலோமி செட்டை இரண்டு குத்துக் குத்தி, வாயில் வந்ததை எல்லாம் திட்டி முடித்து, "என்னவாம் உமக்கு?" என்று திரும்பியபோது தஸ்நேவிஸ் நாற்காலியில் அப்படியே இருந்தார். உயிர் இல்லை. வாய் ஒரு சொல்லைச் சொல்ல வாகாகத் திறந்திருந்தது. எந்தச் சொல் என்று அந்த வாயைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவள் பக்கத்தில் போய்ப் பார்த்தாள், விளக்கைப் போட்டுப் பார்த்தாள், தன் வாயை அதே மாதிரி திறந்து வைத்துப் பார்த்தாள். முடியவில்லை.

கல்லறைத் தோட்டத்துக்கு ஊரே வந்தது. பெட்டியைக் கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்தபோது கிழக்கே மண்வெட்டிகள் லேசாக அதிர்ந்தன, பிறகு பெட்டியின் பித்தளைப் பிடி அதிர்ந்தது, சாமியாரின் கையில் இருந்த தூபக்காலிலிருந்து அந்தக் குரல், நல்ல தெளிவாக, வாடைக் காற்றின் தெளிவோடு கேட்டது: "யாராவது கேக்கியளா? ஓவர்."

"கேக்கு அண்ணாச்சி, கேக்கு!" என்றது ஊர் முழுக்க, உற்சாகமாக, பழக்க தோஷத்தில். சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்துத் தலையைக் குனிந்தார்கள். தராசு பிடிக்கிறவர் பிலோமியைத் தேற்ற வந்தார்.

"அழாதீங்க மைனி. அண்ணாச்சி எங்க போயிட்டாரு? இந்தா போறாருல்லா."

அவள் அவரை அடிக்கவில்லை. திட்டக்கூட இல்லை. அதுதான் ஊருக்குப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு குரல் திரும்ப வேண்டும் என்று நினைக்கிற ஆள் சிலுவைத்துறையில் அவள் ஒருத்திதான். விட்டுருங்க மைனி, அது பாட்டுக்கு வரட்டும், பிள்ளைங்க அதைக் கேட்டுத்தான் பால் குடிக்குது, காத்து எப்படின்னு பாக்க வேற வழியும் இல்ல என்று மரியநேசமே வந்து கெஞ்சினாள். மதுரைக் கண்ணாடிக்காரர் போன் போட்டு, இனி கேட்டவர் திருப்பிக் கொடுத்தாலும் வாங்கிக்கிற தொண்டை இல்லையேம்மா என்றார். பிலோமி கேட்டுக்கொண்டாள். களத்தில் சொன்ன விலையிலிருந்து அவள் இறங்கி யாரும் பார்த்ததில்லை. ஆனால் இப்போது ஒவ்வொரு சாயங்காலமும் பின்னறையில் உட்கார்ந்து, நாயை எழுப்புகிற அந்தத் தொண்டையால், மைக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கி இறங்கி வருகிறாள். நீ கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாய். இன்றைக்கும் கேள்.

"முதல்ல குரலைக் கேட்டேன். நீ தரல, போவட்டும். அந்தக் குரல்ல ஒரே ஒரு வார்த்தை கேட்டேன், போகாதேன்னோ போன்னோ. அதுவும் இனி வேண்டாம். அதைச் சொல்ல வந்தவரை நான்தான் பொறும்னு சொல்லி உக்கார வச்சேன், அது எனக்கும் அவருக்கும் உள்ளது, அதுல நீ தலையிடாத. இதுக்குக் கீழ என்னால இறங்க முடியாது, நல்லாக் கேட்டுக்க. அந்த மனுசன் உன்கிட்டச் சோறு கேட்கல, துணி கேட்கல. கேக்குதான்னு கேட்டாரு. மண்ணுக்குள்ள போன பொறவும் மழையிலயும் வெயில்லயும் அதையே கேட்டுக்கிட்டு அலையுதாரு. நாங்க சொல்லுறது அவருக்கு எட்டல, பேச்சு உன் கையில இருக்கு. அன்னைக்குப் பொத்தானை அமுக்கினது நீ, உன் மூச்சை என் காதால கேட்டேன். அமுக்கத் தெரிஞ்சவனுக்குப் பேசத் தெரியாதா? எந்தப் பாஷையா இருந்தாலும் சரி, திக்கிச் சொன்னாலும் சரி, முனங்கினாலும் சரி. அமுக்கு. வாயைத் திற. கேட்டுச்சுன்னு சொல்லு. எனக்கு வேண்டாம். அவருக்குச் சொல்லு."